நத்தார் என்று சொல்லாத தங்கச்சி

யாழ்ப்பாணச் சனம் சண்டைக்குப் பயந்து வீட்டைப் பூட்டி, திறப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, மழைக்குள் சாவகச்சேரிப் பக்கம் நடந்ததே, அந்த வருடத்து மார்கழி மாதம். இப்படிச் சொன்னால்தான் எங்கள் ஆட்களுக்குக் காலம் விளங்கும். சுவிஸில், ஓர்லிகோன் என்கிற இடத்தில் ஒரு பெரிய கடையின் நிலவறையில் அப்போது எனக்குப் பெட்டி இறக்குகிற வேலை. மார்கழி பிறந்தால் மேலே கூப்பிடுவார்கள், பரிசுப் பொருள் சுற்றிக் கொடுக்கிற மேசைக்குக் கடதாசி வெட்ட. அந்த மேசையில் இரண்டு சுருள் ஒட்டுத்தாள் தொங்கும். ஒன்று பொன்நிறம், நட்சத்திரம் போட்டது, கிறிஸ்துமஸ் வாழ்த்து என்று டொச்சில், அதுதான் ஜெர்மன் பாஷையில், எழுதியிருக்கும். மற்றது வெள்ளிநிறம். அதில் பண்டிகை நாள் வாழ்த்து என்று மட்டும் இருக்கும், எந்தப் பண்டிகை என்று இராது. எனக்கு டொச் வாசிக்கத் தெரியாது, தமிழே ஐந்தாம் வகுப்போடு சரி. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல மகள்தான் எழுதுகிறாள். நிறத்தை வைத்துத்தான் அப்போது எனக்கு எல்லாம் பிடிபடும். கண்ணை மூடினால் இன்றைக்கும் அந்த வெள்ளிச் சுருள்தான் முதலில் வருகிறது.

மேசையில் நின்று சுற்றிக் கொடுத்தவள் யாழ்ப்பாணத்துப் பாஷையூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண். என்னிலும் இளையவள், நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். நாடாவைக் கத்தரிக்கோலின் முதுகில் வைத்து ஒரு இழுப்பு இழுப்பாள், அது சுருண்டு பூவாக நிற்கும். எங்கள் ஷெஃபின், அதுதான் கடைக்குப் பொறுப்பான சுவிஸ் அம்மா, அந்த வருடம் ஒரு புது ஒழுங்கு கொண்டுவந்தா. கடைக்கு இப்போது துருக்கிக்காரர், யூகோஸ்லாவியாக்காரர், தமிழர் எல்லாரும் வருகிறார்கள். முகத்தைப் பார்த்து மதத்தைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் எல்லாருக்கும் “ஷோனி ஃபெஷ்ட்டேக்”, நல்ல பண்டிகை நாட்கள். யாராவது தாங்களாக “ஷோனி வீனாக்ட்டே” என்று கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொன்னால் மட்டும் அதையே திருப்பிச் சொல்லலாம். நான் அதெல்லாம் பார்ப்பதில்லை. நெற்றியில் திருநீற்றோடு நின்று வருகிற போகிற எல்லாருக்கும் வீனாக்ட்டே என்று கத்துவேன். சனம் சிரித்துக்கொண்டு போகும். ஆனால் தங்கச்சி, அந்தப் பண்டிகைக்கே உரியவள், ஒருவருக்கும் அதைச் சொல்லவில்லை. சொன்னவர்களுக்கும் திருப்பிச் சொல்லவில்லை. எல்லாருக்கும் ஃபெஷ்ட்டேக், எல்லாப் பெட்டிக்கும் வெள்ளி.

ஒரு நாள் பின்படியில் இருந்து சுட்ட மறோனி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மறோனி என்பது பலாக்கொட்டை மாதிரி ஒரு கொட்டை. பலாக்கொட்டையின் ருசி வராது, ஆனால் குளிருக்குள் கைக்குள் வைத்திருக்க நல்ல சூடு. அப்போது கேட்டேன்.

“என்ன தங்கச்சி, வேதக்காரி நீ வாய் திறக்கிறாயில்லை. திருநீறு பூசின நான் தொண்டை கிழியக் கத்திறன். உங்கட சுவாமியார் கண்டாரெண்டால் என்னையெல்லோ பூசைக்குக் கூட்டிக்கொண்டு போவார்.”

“போங்கோ அண்ணை, உங்களைச் சேர்த்தால் கோயில் நித்திரை கொள்ளேலாது, அவ்வளவு சத்தம்” என்று சிரித்தாள். பிறகு கொட்டையின் தோலைக் கனநேரம் உரித்தாள். “ஊரில என்ர பிள்ளையும் அம்மாவும் வெளிக்கிட்ட சனத்தோட போட்டினம். எங்க நிக்கினமெண்டு ஒரு கதையும் இல்லை. நத்தார் எண்டால் எனக்கு அவள்தான் அண்ணை. சாமப்பூசை முடிஞ்சு வந்து என்ர காதுக்குள்ள ‘நத்தார் வாழ்த்து அம்மா’ எண்டு கத்துவாள். அவளின்ர வாயால கேக்காமல் நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். எந்தப் பாஷையிலயும்.”

கிறிஸ்துமஸை நாங்கள் நத்தார் என்றுதான் சொல்வோம்.

“அப்ப ஃபெஷ்ட்டேக் மட்டும் சொல்லுறாய்?”

“அது ஆருக்கும் சொந்தமில்லாத சொல்லு. சொன்னால் நோகாது.”

இவளைப் போல அந்தச் சொல்லுக்குள் ஒதுங்கி நின்ற ஒருவரை நான் பிறகு காணவில்லை. சுவிஸ் ஆட்களில் பலருக்கு அது பிடிக்காது. சிவப்புக் கம்பளித் தொப்பி போட்ட ஒரு கிழவி வந்தா. சுற்றி முடிந்ததும் “ஷோனி வீனாக்ட்டே” என்று உரத்துச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு நின்றா. தங்கச்சி ஃபெஷ்ட்டேக் என்றாள். கிழவி திரும்பவும் சொன்னா. தங்கச்சி திரும்பவும் ஃபெஷ்ட்டேக். “ஏன், இந்தக் கடையில் இயேசு பிறக்கமாட்டாரோ?” என்று கிழவி எகிற, வரிசையே திரும்பிப் பார்த்தது. ஷெஃபின் ஓடி வந்து தங்கச்சியின் தோளில் கைவைத்து, “இவள் இந்து. அவளுடைய மதத்தில் இல்லாததை நாங்கள் சொல்லச் சொல்லக்கூடாது” என்றா. நல்ல மனத்தோடுதான் சொன்னா. தங்கச்சியின் கை சட்டைக் கழுத்துக்குள் போய்ச் சிலுவைச் சங்கிலியைப் பிடித்தது. வெளியே எடுத்துக் காட்டுவாள் என்று பார்த்தேன். எடுக்கவில்லை. பிடித்தபடியே நின்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. கடதாசியைப் போட்டுவிட்டு வாசல் வரை கிழவிக்குப் பின்னால் போனேன். என் டொச் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும், கேட்டால் விளங்கும், பேச வராது. “அவள் கிறிஸ்ட்” என்றேன், வேதக்காரி என்று. “கிண்ட்” என்று பிள்ளையின் உயரத்தைக் கையால் காட்டினேன். “கிரீக்” என்றேன், போர் என்று. பிறகு சொல் வரவில்லை, வெறுங்கையை விரித்துக் காட்டினேன். கிழவி என் நெற்றியையும் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டா.

நத்தாருக்கு முதல்நாள் கடை பின்னேரத்தோடு பூட்டும். பூட்டுகிற அவசரத்தில் அதே சிவப்புத் தொப்பி வரிசையில் நின்றது. இன்றைக்கு என்ன கூத்தோ என்று நான் பயந்தேன். கையில் ஒரு மெழுகுதிரி மட்டும். தங்கச்சி சுற்றினாள். கிழவிக்குப் பொன்தான் பிடிக்கும் என்று அந்தச் சுருளுக்குக் கையை நீட்டினாள். கிழவி தலையாட்டி மறுத்து வெள்ளியைக் காட்டினா. பிறகு பெட்டியை வாங்குவதுபோலத் தங்கச்சியின் விரல்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மெல்ல, ஒவ்வொரு எழுத்தாக, “ஷோனி ஃபெஷ்ட்டேக்” என்றா. சண்டை பிடித்துக் கேட்ட சொல்லை அந்த மனிசி அன்றைக்குத் தன் வாயிலிருந்தும் எடுத்து வைத்துவிட்டா. தங்கச்சி மற்றப் பக்கம் திரும்பி, வெட்டத் தேவையில்லாத நாடாவை வெட்டிக்கொண்டு நின்றாள்.

அடுத்த மாரிக்கு முதல் சோலோதுர்ன் என்கிற வேறு ஊரில் வயோதிபர் இல்லத்தில் வேலை கிடைத்து அவள் போய்விட்டாள். அதுவரை ஊரிலிருந்து ஒரு தகவலும் இல்லை. ஓர்லிகோன் ஸ்டேசனில் ரயில் வர முன் சொன்னாள், “பிள்ளை கிடைச்சால் முதல் டெலிபோன் உங்களுக்குத்தான் அண்ணை. ஹலோ சொல்லமாட்டன். நத்தார் வாழ்த்து எண்டுதான் சொல்லுவன், அது ஆடி மாசமெண்டாலும்.” நான் காத்திருந்தேன். டெலிபோன் அடிக்கிறபோதெல்லாம் முதலில் நானே ஓடுவேன், மனைவி பகிடி பண்ணுவாள். பிறகு நாங்கள் இருந்த வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். வேறு வீடு, வேறு நம்பர். அவள் எனக்கு டெலிபோன் எடுத்தாளோ, ஆளில்லாமல் அடித்துக்கொண்டிருந்ததோ, எனக்குத் தெரியாது.

போன கிழமை பேத்திக்கு ஒரு பொம்மை வாங்கினேன். கடையில் இப்போது கண்ணாடித் திரையில் ஃபெஷ்ட்டேக் என்று ஓடுகிறது, அந்த ஒரு சொல் எனக்குப் பார்த்தாலே பிடிபடும். பின்னால் நின்ற ஒருவர் அதைப் பார்த்து முணுமுணுத்தார். சுற்றிக் கொடுத்த பிள்ளை எந்த நிறம் ஒட்ட என்று கேட்டாள். வெள்ளி என்றேன்.

சோலோதுர்ன் பக்கம் இருக்கிற ஆராவது இதை வாசித்தால், நாடாவை ஒரே இழுப்பில் பூவாக்குகிற ஒரு பாஷையூர்க்காரியைக் கண்டால், ஒரு சொல் சொல்லிவிடுங்கள். அண்ணையின் நம்பர்தான் மாறியது, ஆள் ஓர்லிகோனில்தான் இருக்கிறார். என்ன மாதமென்றாலும் டெலிபோன் எடுக்கட்டும்.