அரண்மனைத் தூணில் சாயலாமா?

இன்று திருவள்ளூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு சைவ முதலியார். மகள் கல்யாணத்துக்கு எங்கள் ஊர் ஜமீன் அரண்மனையைப் பேசி முடித்துவிட்டாராம். ஜமீன் ஒழிந்ததிலிருந்து தர்பார் மண்டபத்தை வாடகைக்கு விடுகிறார்களே, அதுதான்.

"தூணு ஒவ்வொண்ணும் மூஞ்சி தெரியற மாதிரி பளபளன்னுக்கீது. அத்தனையும் சலவைக்கல்லு. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க ரொம்ப ஆசாரம். முட்டை வாசனை பட்ட எடமே ஆவாதுன்ட்டாங்க. அதான் இந்த எடம்."

அவர் பக்கத்தில் பழவேற்காட்டு முட்டை வியாபாரி பாய், மடியில் வைக்கோல் போட்ட கூடையோடு.

"சலவைக்கல்லு இல்ல முதலியாரே. உள்ள செங்கல்லு, மேல சுண்ணாம்பு. அந்தப் பளபளப்பு முட்டையோட வெள்ளைக்கரு. அரண்மனை கட்டறப்ப வண்டி வண்டியா முட்டை குடுத்ததே எங்க பாட்டனாருதான்" என்றார் பெருமையாக.

முட்டையே தொடாத நான், அந்தத் தூணில் வெயிலுக்குக் கன்னத்தை வைத்துக் குளிர்ந்தவள். கையால் ஒருமுறை கன்னத்தைத் துடைத்துக்கொண்டேன்.

முதலியார் பாய் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"மஞ்சக்கரு?"

"அத கொத்தனாருங்க துன்னுட்டாங்க."

"அப்ப தூணுல மஞ்சக்கரு இல்ல."

"சுத்தமா இல்ல."

"அப்ப சரி" என்று நிம்மதியாகத் தலையாட்டியவர், எழுந்து நின்று மொத்த பஸ்ஸுக்கும் கேட்கும்படி சொன்னார்: "இத யாரும் வெளிய சொல்லிக்கினு இருக்காதீங்க."

நான் யாரிடமும் சொல்லவில்லை. இதைப் படிக்கிறவர்களில் மாப்பிள்ளை வீட்டார் யாராவது இருக்கிறீர்களா?