பாக்கியத்தின் மிக வயதான பேஷண்ட்

மானுடவியல் வகுப்பில் ஒரு மண்டையோட்டின் வார்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு தாடை எலும்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வகுப்பில் போனைத் தொடும் மாணவர்களைக் கரித்துக்கொட்டுகிறவள் நான். ஆனால் திரையில் ‘பாக்கியம் ஸ்கேன்’ என்று வந்ததால் எடுத்தேன். பேசியது அவர் கணவர். “மேடம்ங்க, பாக்கியம் வீட்டுக்காரன் பேசறேனுங்க. காய்ச்சல்னு படுத்தா, நாலே நாள்தானுங்க. இன்னைக்குக் காலைல போயிட்டா.” மண்டையோட்டை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்துத் தாமாகவே எழுந்து போனார்கள்.

இதைப் படிக்கும் மைசூர்க்காரர்கள் பலருக்கு பாக்கியத்தின் முகம் நினைவில்லாமல் இருக்கலாம். குரல் நினைவிருக்கும். சரஸ்வதிபுரத்தில் அந்த சிடி ஸ்கேன் அறையில் பயந்துபோய்ப் படுத்திருந்தபோது, “அசையாதீங்க, அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு” என்று தமிழிலும் கன்னடத்திலும் மாறி மாறிச் சொன்னாரே, அந்த டெக்னீஷியன்தான். கொள்ளேகாலில் பிறந்தவர். ரயில்வே வேலைக்கு இங்கே வந்த குடும்பம் என்னுடையது. என் பேச்சைக் கேட்டுவிட்டு, “ஏனுங்க மேடம், பாதித் தமிழை ரயில்லயே விட்டுட்டு இறங்கிட்டீங்களா?” என்று முதல் நாளே கேட்டார். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

நான் போனது ஒரு மண்டையோட்டுக்காக. ஆற்றுமணலில் பல்லாயிரம் ஆண்டுகள் கிடந்து கல்லாகிப்போன மனிதத் தலை அது. ஓர் அருங்காட்சியகத்தின் அலமாரியில் இருந்ததை ஆராய்ச்சிக்காகக் கேட்டு வாங்கியிருந்தேன். உடைக்காமல் உள்ளே பார்க்க சிடி ஸ்கேன்தான் வழி. கூட்டமில்லாத ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் எடுத்துக்கொள்ள ஸ்கேன் சென்டர் டாக்டர் இடம் கொடுத்தார். ஆனால் பேஷண்டின் பெயரும் வயதும் கொடுக்காமல் அந்த மெஷின் வேலை செய்யாது. பாக்கியம் கொஞ்சமும் யோசிக்காமல் ‘சின்னப்பன்’ என்று அடித்தார். வயது 99. அதற்குமேல் கட்டம் ஏற்றுக்கொள்ளவில்லை. உடன் வந்தவர் என்ற இடத்தில் என் பெயர், உறவு என்ற இடத்தில் ‘பேத்தி’. நான் முறைத்தேன். “நாமெல்லாம் இவங்க வழி வந்தவங்கன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க” என்றார்.

கல் நிறைந்த தலைக்குள் எக்ஸ்ரே சரியாக நுழையாமல் படம் மங்கலாக வந்தது. நான் கையைப் பிசைந்தேன். பாக்கியம், இடுப்பில் கம்பி வைத்தவர்களுக்கு எடுக்கிற அளவுக்கு மெஷினின் சக்தியை ஏற்றினார். மண்டையோட்டின் இருபுறமும் பஞ்சுத் தலையணை கொடுத்து, பட்டையைப் போட்டு, பழக்கதோஷத்தில் “அசையாதீங்க” என்றார். அறைக்கு வெளியே இருந்த நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். படம் கண்ணாடி போல வந்தது.

சிரிப்பு அத்தோடு நின்றது. சின்னப்பனின் வலது புருவத்துக்கு மேலே ஒரு மேடு உண்டு. அது ஆறிப்போன காயம் என்பது என் நான்கு வருட உழைப்பு. அப்படியொரு அடிபட்ட மனிதன் பிழைத்திருக்கிறான் என்றால் யாரோ அவனை உட்காரவைத்துச் சோறு போட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்திலேயே மனுசனுக்கு மனுசன் இருந்திருக்கிறான். இதைச் சொல்லும் கட்டுரை அனுப்பத் தயாராக இருந்தது. பாக்கியம் திரையில் அந்த மேட்டைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “இது எலும்பு இல்லீங்க மேடம், மாவு” என்றார். “கை உடைஞ்சு கட்டு போட்டவங்களுக்கு தினமும் எடுக்கறேன். எலும்புன்னா உள்ள சின்னச் சின்ன ஓட்டையா இருக்கும். இது வழவழன்னு ஒரே மாதிரி இருக்குது பாருங்க. யாரோ ஒட்டவச்சு வர்ணம் அடிச்சிருக்காங்க.”

எனக்குச் சுருக்கென்றது. “படம் எடுப்பது உங்கள் வேலை. அர்த்தம் சொல்வது என் வேலை” என்றேன். எழுதும்போது இப்போதும் கூசுகிறது. பாக்கியம் படங்களை ஒரு குறுந்தட்டில் ஏற்றிக் கொடுத்தார். நான் சின்னப்பனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு மாதம் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை.

ஆனால் கட்டுரையை அனுப்பவும் கை வரவில்லை. கடைசியில் அருங்காட்சியகத்தில் அனுமதி வாங்கி, அந்த மேட்டில் ஊசிமுனை அளவு சுரண்டிப் பார்த்தோம். வெள்ளை வெளேரென்று பிளாஸ்டர் மாவு உதிர்ந்தது. எப்போதோ யாரோ உடைந்த இடத்தை நல்லெண்ணத்தோடு நிரப்பியிருக்கிறார்கள். நான்கு வருடம் நான் ஒரு பூச்சு வேலையைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்கப் போனபோது நஞ்சன்கூடு வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டேன், வாய் வராவிட்டால் கையாவது நீளட்டுமே என்று. பாக்கியம் பழத்தை வாங்கிக்கொண்டு, “முதல் ரிப்போர்ட்டை எந்த பேஷண்டும் நம்ப மாட்டாங்க மேடம். பேஷண்டோட பேத்தியும் அப்படித்தானுங்க” என்று சிரித்தார். பிறகு கொஞ்சம் கோபமாகவே, “நான் ரெண்டு மாசமா ஒண்ணு சொல்லணும்னு காத்துக்கிட்டிருக்கேன். நீங்கதான் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டீங்க” என்று கம்ப்யூட்டரைத் திறந்தார். சின்னப்பனின் இரண்டு காதுக் குழாய்களிலும் உள்ளே எலும்பு வளர்ந்து வழியை அடைத்திருந்தது. குளிர்ந்த நீரில் காலமெல்லாம் முங்கி எழுகிறவர்களுக்கு அப்படி வரும். நான் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் காதைப் பார்க்கவே இல்லை.

“இவருக்குக் காது மந்தமுங்க” என்றார் பாக்கியம். “புலி வந்தாலும் கேட்டிருக்காது. ஆனா பல்லெல்லாம் தேஞ்சு வயசாகித்தான் செத்திருக்காரு. அப்ப பக்கத்துல யாராவது சத்தமாச் சொல்லிக்கிட்டே இருந்திருப்பாங்கல்ல மேடம்?”

இந்தக் கடைசிக் கேள்வியைக் கட்டுரையில் எழுத முடியாது. அதற்கு எலும்பில் சாட்சி இல்லை. ஆனால் மாவோடு உதிர்ந்துபோன அந்த ‘மனுசனுக்கு மனுசன்’ எனக்குத் திரும்பக் கிடைத்தது. நான் அவர் முன்னாலேயே அழுதேன். காதைப் பற்றிய கட்டுரை அவர் பெயரும் என் பெயரும் சேர்ந்து வெளிவந்தது. “சின்னப்பன் பேரை விட்டுட்டீங்களே” என்பதுதான் அவருடைய ஒரே குறை. அதன்பிறகு சின்னப்பனை எப்போது கொண்டுபோனாலும், “அசையாதீங்க” என்பதை நடைபாதைவரை கேட்கும்படி கத்திச் சொல்வார். வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சின்னப்பனை மறுபடி கொண்டுபோனேன். புதிதாக வந்திருக்கும் டெக்னீஷியன் ஒரு பெண், கெட்டிக்காரர். பஞ்சு வைத்தார், பட்டை போட்டார், கதவைச் சாத்த வந்தார். அறை ரொம்ப அமைதியாக இருந்தது. பாக்கியத்திடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது என்னவென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு, “அசையாதீங்க” என்று கத்தினேன். அந்தப் பெண் திடுக்கிட்டுத் திரும்பினார்.

“ஒன்றுமில்லை, அவருக்குக் காது கேட்காது” என்றேன்.