வாறன் கட்சி, போறன் கட்சி

கனடாவிலிருந்து வந்திருந்த என் தங்கையின் மகன் போன வாரம் எங்கள் வீட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். நான் கீழே இருந்து கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் போனுக்குள் எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை என்பதால் கண்ணைக் காய்மேல் வைத்திருந்தேன். காதை எங்கே வைப்பது? முதலில் மவுத்ஓர்கன் ஒன்று இழுத்தது. பிறகு குதிரைக் குளம்புச் சத்தம். அதற்குப் பிறகு பெரிய கப்பல் ஒன்று உறுமிக்கொண்டு நிலத்தை விட்டு எழும்பும் சத்தம். கத்தி கையோடு நின்றுவிட்டது.

"டேய், உது என்னடா?"

"ஒரு பழைய ஷோ பெரியம்மா. ஸ்பேஸுக்குள்ள கௌபோய். உங்களுக்குப் பிடிக்காது."

எனக்குப் பிடிக்காதாம். தொண்ணூறாம் ஆண்டு சித்திரை, வைகாசி மாதத்துச் சனிக்கிழமைகளில், இந்தத் தொடருக்காக முகம் கழுவி, பவுடர் பூசி, பொட்டு வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனவள் நான். படத்தின் கதாநாயகன் ரீவிக்குள் இருந்து என்னைப் பார்ப்பான் என்று ஒரு நினைப்பு. சிரிக்காதீர்கள். கூட்டுறவுச் சங்கக் கடையில் மாவும் சீனியும் நிறுத்துக் கொடுக்கும் வேலை அப்போதுதான் கிடைத்திருந்தது. கொக்குவிலில் அந்த வயதில் பவுடர் பூசுவதற்கு வேறு என்ன காரணம் இருந்தது, சொல்லுங்கள்.

அந்தத் தொடரின் ஆங்கிலப் பெயரை நாங்கள் யாரும் சொன்னதில்லை. எங்களுக்கு அது ‘குதிரைக் கப்பல்’. வானத்தில் பறக்கிற ஓட்டைக் கப்பல் ஒன்று. வறண்டுபோன கிரகங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது அதன் தொழில். கப்பலுக்குள்ளேயே குதிரை லாயம். கப்பல் இறங்கியதும் கதவு திறக்கும், குதிரைகள் செம்மண் புழுதியில் பாயும். கப்பலின் தலைவன் எந்நேரமும் அகலத் தொப்பி போட்டிருப்பான். ஆகவே அவன் பெயர் தொப்பிக்காரன்.

இப்படியான கதையைப் பார்த்து மற்ற ஊர்க்காரர் என்ன நினைத்தார்களோ தெரியாது. எங்கள் ஆட்களுக்கு வந்த யோசனைகளே வேறு. கோப்பாயிலிருந்து தோட்டக்காரர் ஒருவர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "உந்த மண்ணுக்கு வெங்காயம் நல்லாய் வரும். உவங்களுக்கு ஒரு கிணறு வெட்டத் தெரியாதோ? ஏன் தண்ணியைக் காவிக்கொண்டு திரியிறாங்கள்?" என்று கேட்டார். சுடத் தயாராய்த் துவக்கும் கையுமாக ஒருவன் இன்னொருவன் வீட்டுக்குள் நுழைந்தால் பெண்கள் துவக்கைக் கவனிக்கமாட்டார்கள். "சப்பாத்தோடை உள்ளுக்க போறான், பாருங்கோவன்" என்பார்கள்.

ரீவி இருந்தது திலகம் மாமி வீட்டில். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தென்னோலைக் கிடுகு வேலிதான். மாமியின் கணவர் சவூதியில் வேலை செய்து கொண்டுவந்த ரீவி அது. கொண்டுவந்த கொஞ்சக் காலத்தில் மனிதர் மாரடைப்பில் போய்விட்டார். மாமிக்கு மிஞ்சியது அந்த ரீவியும் மகன் ரூபனும். அன்ரனாவைக் கமுகு மரத்தில் கட்டியிருந்தார்கள். காற்றடித்தால் தொப்பிக்காரனுக்கு இரண்டு தலை வரும். ரூபன் ஓடிப்போய் மரத்தைப் பிடித்துக்கொள்வான். ஆனால் தொண்டை அடைத்த அந்தப் பெட்டியின் சத்தத்தை யாராலும் திருத்த முடியவில்லை.

சத்தம் வந்தாலும் எங்களுக்கு விளங்கியிருக்காது. ஆகவே எங்கள் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஆங்கில ஆசிரியை பவானி ரீச்சர் ரீவிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, உடனுக்குடன் தமிழில் சொல்லுவார். ரீச்சரின் தமிழில் தொப்பிக்காரன் பரம எதிரியைக்கூட ‘நீர்’ என்றுதான் கூப்பிடுவான். "நீர் இண்டைக்குச் சாகப்போறீர்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத்தான் சுடுவான். கப்பலின் சமையற்காரன் எல்லாரையும், மகனே என்கிற மாதிரி, ‘மோனை’ என்பான். எங்களுக்கு அவர்கள் பேசிய பாஷை இன்றைக்கும் அதுதான்.

ரூபனுக்கு அப்போது பள்ளிக்கூடத்துக் கடைசிச் சோதனையான ஏ.எல். எடுக்கிற வயது. பனையோலைத் தொப்பி ஒன்றை வாங்கி, ஒரு பக்கத்து விளிம்பை மேலே மடித்துத் தைத்து, அதைப் போட்டுக்கொண்டுதான் சைக்கிளில் திரிவான். ரெயில் கடவைக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த பரமண்ணை அவனைக் கண்டதும், "என்ன தொப்பிக்காரன், குதிரைக்குக் காத்துப் போச்சோ?" என்பார். பரமண்ணை பெரிய தர்க்கக்காரர். சூரியன் கிழக்கே உதிக்கிறது என்றால்கூட, எங்கே நின்று பார்க்கிறாய் என்று கேட்கிற ஆள்.

அந்தக் கடைசிச் சனிக்கிழமைக்கு வருகிறேன். கடைசி என்று அன்றைக்குத் தெரியாது. எதிரிகள் கப்பலைச் சுற்றிவிட்டார்கள். எல்லாரும் தப்ப வேண்டுமென்றால் யாராவது ஒருவர் சின்ன ஓடம் ஒன்றில் தனியே போய் அவர்களை வேறு பக்கம் இழுக்க வேண்டும். தொப்பிக்காரன் தானே போக வெளிக்கிட்டான். கதவடியில் நின்று திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து ரீவி கரகரத்தது. பரமண்ணை "ஐயோ, போகாதையடா!" என்று கத்தினார். அந்த அமளிக்குள் பவானி ரீச்சரின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"வாறன்."

அவ்வளவுதான். கதவு மூடியது, ஓடம் போனது. மிச்சம் அடுத்த கிழமை.

அடுத்த கிழமை வரவில்லை. இயக்கத்துக்கும் ஆமிக்கும் சண்டை திரும்பவும் தொடங்கியது. கரண்ட் போனது. கொழும்பிலிருந்து ரீவி வருவதும் நின்றது. ஐந்து வருசமும் அதற்கு மேலும் யாழ்ப்பாணக் குடாநாடு ஜாம் போத்தல் விளக்கில் இருந்தது உங்களுக்குத் தெரியும். ரீவியை மாமி பழைய சேலையால் மூடி வைத்தார். நாங்கள் மண்ணெண்ணெய்க்கு அலைந்தோம், சவர்க்காரத்துக்கு அலைந்தோம், குண்டு போடப் பொம்மர் வந்தால் மண்ணுக்குள் வெட்டிய பங்கருக்குள் ஓடினோம். இவ்வளவுக்கும் நடுவில் ஊரில் ஒரு பெரிய வழக்கு நடந்துகொண்டிருந்தது. தொப்பிக்காரன் திரும்பி வருவானா, மாட்டானா?

ரூபன் வாறன் கட்சித் தலைவன். "வாறன் எண்டு வாயால சொன்னவன். வருவான்."

பரமண்ணை போறன் கட்சி. "விசர்க் கதை கதையாதை. நாங்கள் ஆரும் வீட்டை விட்டு வெளிக்கிடேக்கை போறன் எண்டு சொல்லுவமோ? செத்த வீட்டுக்குப் போனால் மட்டும்தான் சொல்லாமல் கொள்ளாமல் வெளிக்கிடுவம். மற்றபடி சந்தைக்குப் போறவனும் வாறன் எண்டுதான் சொல்லுறான். ரீச்சரும் அந்தப் பழக்கத்திலை சொல்லிப்போட்டா. இங்கிலீசில அவன் போறன் எண்டுதான் சொல்லியிருப்பான். ஓடத்திலை எண்ணெயுமில்லை. உவன் முடிஞ்சான்."

ரீச்சரிடம் கேட்டால் சிரித்துவிட்டு, "மறந்து போச்சு" என்பார். கோயில் வீதியில், கிணற்றடியில், சங்கக் கடை வரிசையில் எல்லாம் இந்த வழக்குத்தான். மா இல்லை என்று சொன்னால் வரும் கோபத்தை இந்தத் தர்க்கத்தில் கொட்டிவிட்டுச் சனம் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகும். எனக்கு அது பெரிய உதவி. நான் வாறன் கட்சி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒருநாள் காலை நான் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் ரூபன் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவதைக் கண்டேன். தொப்பி போட்டிருந்தான். வீட்டுக்குப் பின்னால் மாமி கிணற்றில் தண்ணீர் அள்ளும் சத்தமும் கப்பி கிறீச்சிடும் சத்தமும் கேட்டன. வாசல் படலையடியில் ரூபன் நின்று வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். தொப்பி விளிம்பை இரண்டு விரலால் தொட்டான். பிறகு ஏறி மிதித்தான். இவனுடைய நடிப்புக்குக் குறைவில்லை என்று நினைத்துக்கொண்டு நான் விளக்குமாற்றைத் தட்டினேன்.

அன்று பின்னேரம் அவன் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. இயக்கத்துக்குப் போய்விட்டான் என்று ஒருவர் சொன்னார். கொழும்புக்குப் போக வெளிக்கிட்டு வழியில் பிடிபட்டான் என்று இன்னொருவர் சொன்னார். நம்பக்கூடிய சேதி ஒன்றும் வரவேயில்லை. மாமி அழுதார், எல்லாரிடமும் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். "நான் கிணத்தடியில நிண்டனான். வாறனம்மா எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவன். என்ரை காதால கேட்டனான்."

அதற்குப் பிறகுதான் அந்த விளையாட்டு விளையாட்டாக இல்லாமல் போனது. மாமி ஒருநாள் பரமண்ணையின் கடைக்குப் போனார். ரியூப் ஒட்டுவதற்கு நானும் அங்கே நின்றேன்.

"தம்பி பரமு, தொப்பிக்காரன் என்ன சொன்னவன்?"

பரமண்ணை நிமிர்ந்து பார்க்கவில்லை. ரியூப்பைத் தண்ணீருக்குள் அமுக்கிக்கொண்டு அதிலிருந்து வரும் குமிழியையே பார்த்தார்.

"வாறன் எண்டுதான் சொன்னவன் மாமி. எனக்குத்தான் விளங்கேல்லை."

அந்த மனிதர் வாழ்நாளில் தோற்ற ஒரே வழக்கு அதுவாகத்தான் இருக்க வேண்டும். மாமி போனபின் சின்னப் பிழைக்காக வேலைக்காரப் பையனைக் கண்டபடி ஏசினார். அன்றோடு கொக்குவிலில் போறன் கட்சி கலைந்தது. யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. எல்லாரும் வாறன் கட்சியானார்கள், அவ்வளவுதான்.

பங்கருக்குள் இருக்கும்போது மாமி, "ரீச்சர், தொப்பிக்காரன் இப்ப எங்கை நிக்கிறான்?" என்று கேட்பார். பவானி ரீச்சர் சொல்லுவார். ஒரு கிரகத்தில் காய்ச்சல் வந்து கிடக்கிறான், ஒரு நல்ல குடும்பம் கஞ்சி கொடுக்கிறது, ஓடத்தைத் திருத்துகிறான், இப்படி. மேலே பொம்மர் சுற்றும்போதும் ரீச்சரின் கதை நிற்காது. ஒருதரம் மட்டும் என்னிடம் தனியே, "நான் ஒரு சொல்லுப் போட்டன். மாமி அதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. எனக்குப் பயமாய்க் கிடக்கு" என்றார். போறனை வாறன் ஆக்கியதைத்தான் சொல்கிறார் என்று நான் நினைத்தேன்.

ரீச்சர் பயந்தது நடந்தது. தொண்ணூற்றைந்தில் ஆமி நெருங்கி வர, எங்கள் வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் ஊரை விட்டு மழைக்குள் வெளிக்கிட்ட அன்று, மாமி மட்டும் வாசற்படியில் இருந்துவிட்டார்.

"நீங்கள் போங்கோ. பிள்ளை வாறன் எண்டவன். வந்து ஆக்களில்லாத வீட்டைப் பாக்கிறதோ?"

ஷெல் சத்தம் கிட்ட வந்துகொண்டிருந்தது. பரமண்ணை கும்பிட்டுப் பார்த்தார், கத்திப் பார்த்தார். நான் கையைப் பிடித்து இழுத்தேன், உதறிவிட்டார். எனக்குக் கோபம்கூட வந்தது. கடைசியில் ரீச்சர்தான் மழைத் தண்ணீருக்குள் மாமிக்கு முன்னால் குந்தினார்.

"மாமி, தொப்பிக்காரன் வந்து பாப்பான். கப்பல் நிண்ட இடத்தில கப்பல் இல்லையெண்டால் பேசாமல் திரும்பிப் போற ஆளோ? தேடி வருவான்."

மாமி முன்சுவரைக் காட்டினார். "அப்ப எங்கை எண்டு எழுதி வையுங்கோ."

பரமண்ணை குசினிக்குள் ஓடிக் கரிக்கட்டி எடுத்துவந்து முன்சுவரில் பெரிதாக எழுதினார்: ‘ரூபன், நாங்கள் மீசாலைக்குப் போறம்.’

"உதென்ன எழுத்து? போறம் எண்டு எழுதாதை தம்பி!"

பரமண்ணை ஈரக் கையால் அந்தச் சொல்லை அழித்தார். சுவர் கறுப்பாய் இழுபட்டது. அதற்கு மேலேயே எழுதினார்: ‘போயிட்டு வாறம்.’ அதை வாசித்துப் பார்த்தபிறகுதான் மாமி எழும்பினார்.

மீசாலையில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் எல்லாரும் நெருக்கியடித்துக் கிடந்தோம். அந்த மாரிமழையில் வந்த காய்ச்சல் மாமியை அங்கேயே கொண்டுபோய்விட்டது. நாங்கள் அடுத்த வருசம் திரும்பி வந்தபோது மாமி வீட்டுக்குக் கூரை இல்லை. முன்சுவரும் விழுந்து கிடந்தது. கல்லைப் புரட்டிப் பார்த்த பரமண்ணைக்குக் கரி எழுத்து ஒன்றும் அகப்படவில்லை. அவர் பிறகு அதிக காலம் இருக்கவில்லை. பவானி ரீச்சர் லண்டனுக்குப் போய் அங்கேயே காலமானார்.

போன வாரம் தங்கையின் மகனிடம் அந்தச் சனிக்கிழமைப் படத்தைத் தேடிப் போடச் சொன்னேன். வெங்காயம் நல்லாய் வரும் என்று கோப்பாய்க்காரர் சொன்ன அதே செம்மண், அதே குதிரைகள். சத்தம் இப்போது துல்லியமாக இருந்தது. தொப்பிக்காரன் கதவடிக்கு வந்தான். நின்றான். திரும்பிப் பார்த்தான். நான் கண்ணை எடுக்காமல் போனுக்குக் கிட்டக் குனிந்தேன்.

அவன் ஒன்றுமே சொல்லவில்லை. தொப்பி விளிம்பை இரண்டு விரலால் தொட்டுவிட்டுப் போய்விட்டான்.

திரும்பவும் போடச் சொன்னேன். இல்லை. போறனும் இல்லை, வாறனும் இல்லை. ஒரு மனிதன் ஒன்றும் சொல்லாமல் வாசலைத் தாண்டுவதைப் பவானி ரீச்சரால் தாங்க முடியவில்லை, ஒரு சொல்லை அவனுக்குக் கடன் கொடுத்துவிட்டார். அப்போதுதான் எனக்குக் கிணற்றடிக் கப்பிச் சத்தம் ஞாபகம் வந்தது. படலையடியில் ரூபன் நின்றதும் ஞாபகம் வந்தது. அவன் விரல் தொப்பிக்குப் போனதைக் கண்டேன். வாய் அசைந்ததை நான் காணவில்லை. அந்தக் கப்பிச் சத்தத்துக்குள், மாமி தன் காதால் கேட்டேன் என்று சொன்ன அந்த வாறன் எங்கேயிருந்து வந்தது?

"ஏன் பெரியம்மா அழுறீங்கள்? அடுத்த எபிசோட்டில அவன் திரும்பி வாறானோ எண்டு பாப்பம். இருக்கு, போடவா?"

"வேண்டாம், நிப்பாட்டு."

வந்துவிட்டான் என்று தெரிந்தால் நான் என்ன செய்வேன்? முந்தியென்றால் கத்தியைப் போட்டுவிட்டு ஓடிப்போய், வேலிக்கு மேலால் எட்டி, "மாமி, தொப்பிக்காரன் வந்திட்டான்!" என்று கத்தியிருப்பேன். பரமண்ணையின் கடைவரைக்கும் கேட்டிருக்கும். மாமியின் அந்தக் காணியை யாரோ வாங்கி மாடி வீடு கட்டிவிட்டார்கள். வீட்டில் ஆட்கள் இருக்கிறார்களா என்றே தெரியாது. வேலி நின்ற இடத்தில் இப்போது மதில்.