சிவண்ணா சாரின் சாப்பாட்டு நேரம்

தைத்த பிளவுஸ்களைக் கொடுக்க இன்று பெங்களூர் தொம்மலூரில் ஒரு அபார்ட்மெண்டுக்குப் போனேன். கேட்டில் செக்யூரிட்டி உடையில் நின்றவர், எங்கள் பழைய கார்மெண்ட்ஸ் சூப்பர்வைசர் சிவண்ணா சார்!

"செல்விதானே நீ?" என்று சிரித்தார்.

சாயங்காலமே ஆகப்போகிறது. மேசையில் அவருடைய டிபன் பாக்ஸ் திறக்காமலே இருந்தது.

"ரிலீவர் பந்தில்லாம்மா, மாத்திவிடற ஆள் இன்னும் வரல. ஆள் வராம கேட்டை விட்டுப் போகக் கூடாது. நேத்து நைட்டும் நானேதான்."

"ஓ.டி. கொடுப்பாங்களா சார்?"

"கேட்டா, நாளைலேர்ந்து வராதேம்பாங்க."

எனக்கு அந்த ஃபேக்டரி மதியங்கள் நினைவுக்கு வந்தன. மேரியின் மீன் குழம்பும் லட்சுமம்மாவின் ராகிக் களியும் கைமாறிக்கொண்டே இருக்கும். சாப்பாட்டு நேரம் முடிந்த பெல் அடிக்கும் முன்பே இவர் வந்து கைதட்டி எழுப்பிவிடுவார்.

ஒருநாள் நாங்கள் யாரும் எழவில்லை. "ஊட்டா ஆகலி சார்" என்றாள் மேரி, சாப்பாடு முடியட்டும் என்று. இவர் திரும்பிப் போனார். அன்றைய ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

"நீங்க போய் சாப்பிடுங்க சார், கேட்டை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

தயங்கினார். பிறகு டிபன் பாக்ஸோடு மரத்தடிக்குப் போனார். நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, வந்த கார்களுக்கெல்லாம் கேட்டைத் திறந்துவிட்டேன். மேலேயிருந்து பிளவுஸ்காரம்மா போன் மேல் போன்.

அவர் நிதானமாகச் சாப்பிட்டு, கை கழுவிவிட்டு வந்தார்.

எங்கள் தையல் லைனில் இருந்தவர்களே, 'அவருக்குப் போயா கேட் காத்தே?' என்று என்னைத் திட்டப்போவது யார் யார்? கமெண்டுக்கு வாருங்கள்.