மண் போட்டுக் கழுவிய ஜீப்பு

கிள்ளானில் இருக்கும் என் சின்ன மகன் ஒரு ஃபோர்வீல் வண்டி வைத்திருக்கிறான். லீவு நாளில் காட்டுப்பாதையில் ஏற்றி இறக்கி, சேறும் இலையுமாகக் கொண்டுவந்து, கார் கழுவும் கடையில் விட்டுவிடுவான். நுரையடித்து மினுமினு என்று திரும்பி வரும். "பாத்தீங்களாம்மா, புதுசு மாரி இருக்குலா" என்பான். நானும் தலையாட்டுவேன். அவன் உள்ளே போனபிறகு பின்கதவுக் கீலுக்குள் விரலை விட்டுப் பார்ப்பேன். எப்படியும் ஒரு துளி மண் இருக்கும். இருந்தால் அதை எடுக்காமல் அப்படியே விட்டுவிடுவேன்.

ஜீப்பு கழுவ நான் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கற்றுக்கொண்டவள். அப்போது எனக்கு ஒன்பது வயது. பிரிக்பீல்ட்ஸில் அரசாங்க குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அப்பா ஓர் இலாகாவில் ஜீப்பு டிரைவர். அதில் போகும் அதிகாரி ஒரு மலாய்க்காரர். அப்பா அவரைத் துவான் என்று கூப்பிடுவதால் எங்களுக்கும் அவர் துவான்தான். உள்காட்டு வேலை உள்ள நாட்களில் அவர் விடிகாலை ரயிலில் கிள்ளானிலிருந்து வந்து, எங்கள் வீட்டுக்கே நடந்து வந்து ஏறிக்கொள்வார். காட்டில் தரை முழுக்க ஈரமும் அட்டையும். அதனால் தொழுகை நேரம் வந்தால் ஜீப்பின் பின்பக்கத்தில் பாயை விரித்து, உட்கார்ந்தபடியே தொழுவாராம். அப்போது அப்பா சற்றுத் தள்ளிப்போய் ஒரு மரத்தடியில் நின்றுகொள்வார்.

ஒரு திங்கட்கிழமை அப்படிப் பயணம் இருந்ததால், சனிக்கிழமையே ஜீப்பு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. அன்று சுங்கை பூலோவில் ஒரு துக்க வீடு. அப்பா பஸ் ஏறிப் போய் அங்கேயே தங்கிவிட்டார். அந்த நேரம் பார்த்து அம்மாவின் தம்பி, என் மாமா, வந்து சேர்ந்தார். ஆணியில் தொங்கிய சாவியைப் பார்த்ததும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ஒரே ஒரு ரவுண்டுதான்க்கா. மச்சான் வர்றதுக்குள்ள வாசல்ல நிக்கும்."

அந்த ஒரு ரவுண்டு ஞாயிறு காலையில்தான் முடிந்தது. வரும் வழியில் வெளிப்பக்கத்தை மட்டும் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டு, சீழ்க்கை அடித்தபடி இறங்கினார். அம்மா கையில் வாழையிலைப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார். கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் கூட்டாளிகளோடு காட்டுப்பன்றி சுட்டிருக்கிறார். அம்மா பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் அப்பா வந்துவிட்டார்.

அப்பா முதலில் டயரைப் பார்த்தார். பிறகு பின்கதவைத் திறந்து ரப்பர் விரிப்பைத் தூக்கினார். அடியில் ரத்தம் காய்ந்திருந்தது. திருகாணி இடுக்கில் முரட்டு மயிர்கள் ஒட்டியிருந்தன.

"பன்னியா?"

"கித்தான் விரிச்சுத்தான் போட்டோம் மச்சான். கொஞ்சமாத்தான் ஒழுகிச்சு."

"நாளைக்கு அவர் இதுல உக்காந்து தொழுவாருடா."

அம்மா மெதுவாக, "வேலை போச்சுன்னா குவார்ட்டர்ஸும் போயிடுமே" என்றார். அந்தப் பொட்டலம் எங்கே போயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அப்பா சட்டையைக் கழற்றினார். மேல் கித்தானை அவிழ்த்தோம். பின் பெஞ்சுகளின் மெத்தைகளைக் கழற்றி வெயிலில் வைத்தோம். ஜீப்பின் அடித்தட்டில் ரப்பர் அடைப்பான்கள் இருந்தன. அவற்றைப் பிடுங்கினால் உள்ளே ஊற்றும் தண்ணீர் நேரே கீழே இறங்கிவிடும். தண்ணீர் சுமக்கும் வேலை மாமாவுக்கு. அப்பா தேங்காய் நாரும் சவுக்காரமும் கொண்டு தேய்த்தார். பெஞ்சுக்கு அடியில் யாருடைய கையும் நுழையவில்லை. நான் ஒல்லி. படுத்தபடி உள்ளே போய், ஈர்க்கால் ஒவ்வொரு திருகாணியையும் சுரண்டினேன். அம்மா எலுமிச்சையை அரிந்து அரிந்து கொடுத்தார். சக்கரத்து மேல்வளைவில் பழைய சேறு அப்பம் அப்பமாய்ப் பெயர்ந்தது. அதற்கும் பன்றிக்கும் சம்பந்தமில்லை, ஆனால் அப்பா அதையும் விடவில்லை.

மத்தியானத்துக்குள் கழுவி முடித்தோம். அப்படிச் சுத்தமான ஜீப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அம்மா முகர்ந்து பார்த்தார்.

"பளிச்சுன்னு இருக்குங்க. இனிமே யாருக்குத் தெரியப்போவுது?"

"அவருக்குத் தெரியாது. அதனாலதான் சரியாக் கழுவணும்" என்றார் அப்பா.

சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டு மக்சிக்கிடம் போனார். அந்த மலாய் அம்மாவும் அப்பாவும் வேலி ஓரம் வெகுநேரம் தணிந்த குரலில் பேசினார்கள். திரும்பி வந்தபோது அப்பா கையில் ஒரு வாளி. வாளி நிறையச் செம்மண். அதில் தண்ணீரை விட்டுக் கரைத்தார்.

"அப்பா, அது மண்ணுப்பா" என்றேன்.

"தெரியும்" என்று சொல்லி, காலையிலிருந்து நாங்கள் தேய்த்துத் தேய்த்து வெளுக்கவைத்த அந்த அடித்தட்டில் மண் தண்ணீரை ஊற்றி, மூலை முடுக்கெல்லாம் கையால் பூசினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. துக்க வீட்டுக்குப் போய்வந்ததில் அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன்.

மண் தண்ணீருக்குப் பிறகு ஆறு முறை நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றார். மாமா வாளி வாளியாகக் கொண்டுவந்தார். ஒரு கட்டத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஏழு ஆச்சு மச்சான்" என்றார்.

"பாரு லீமா" என்று வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல். இப்போதுதான் ஐந்து என்று அர்த்தம். மக்சிக் துணி மடித்துக்கொண்டே ஜன்னலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். மாமா மறுபடியும் வாளியைத் தூக்கினார்.

திங்கள் விடியலில் எனக்கு ஒரே சந்தேகம், எங்காவது மண் மிஞ்சியிருக்குமோ என்று. ஈர்க்கை எடுத்துக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் மறுபடியும் புகுந்துகொண்டேன். அப்போது பார்த்து துவான் வந்துவிட்டார். ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிகிற பிள்ளை நான். அப்படியே மூச்சடக்கிக் கிடந்தேன். ஓர் இடுப்பு வாரும், திறந்திருந்த பின்கதவும், அவர் கையும்தான் எனக்குத் தெரிந்தன.

அப்பா "துவான்" என்று தொடங்கினார். பாயை வைக்கக் குனிந்த துவானின் கை, கதவுக் கீலின் அருகே நின்றது. ஒரு விரல் கீலுக்குள் போய் வெளியே வந்தது. நுனியில் செம்மண்.

"சாமாக்?" என்று கேட்டார். அந்தச் சொல்லை நான் அதற்குமுன் கேட்டதில்லை. பன்றி பட்டதை மண்ணும் தண்ணீருமாக ஏழு முறை கழுவித் தூய்மையாக்கும் முஸ்லிம்களின் முறைக்கு அதுதான் பெயர் என்று வளர்ந்தபிறகுதான் தெரிந்தது.

"ஆமா துவான். மண் ஒரு தடவை, தண்ணி ஆறு தடவை" என்று மலாயில் சொன்ன அப்பா, பிறகு மாமாவையும் சாவியையும் பன்றியையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். ரயில் ஒன்று போகும் சத்தம் கேட்டு அடங்கியது. துவான் விரல்களைத் தேய்த்து மண்ணை உதிர்த்தார்.

"இனிமேல் சாவியைத் தலையணைக்கு அடியில் வை" என்றார்.

பாயை என் தலைக்கு மேலிருந்த பெஞ்சில் வைத்துவிட்டு முன்னால் போய் ஏறினார். நான் நழுவி இறங்கி வீட்டுக்குள் ஓடினேன். அத்தனை தேய்த்தும் கீலை மட்டும் விட்டுவிட்டேனே, என்னால்தானே அப்பா மாட்டிக்கொண்டார் என்று அம்மா மடியில் அழுதேன். அம்மா என் முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டார்.

சாயங்காலம் ஜீப்பு சேறு பூசிக்கொண்டு திரும்பியது. அப்பா இறங்குவதற்குள் ஈர்க்கோடு பின்கதவுக்குப் போய் நின்றேன். கீலில் அந்தச் செம்மண் இன்னும் கொஞ்சம் இருந்தது. சுரண்ட ஆரம்பித்தேன்.

"விடும்மா, அது இருந்துட்டுப் போவட்டும்" என்றார் அப்பா.

என் கை நோகுமே என்றுதான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, கடைசித் துகள் வரும்வரை நான் விடவில்லை.