வெள்ளைப் புள்ளியை மறைத்த பால் கேன்

நாங்கள் நியூ ஜெர்சிக்கு வந்த புதிதில் என் கணவருக்கு போட்டோ எடுப்பதுதான் பொழுதுபோக்கு. எங்கள் இரண்டு வயது மகள் நித்யாவின் படங்களில் இடது கண்ணில் மட்டும் அடிக்கடி வெள்ளையாக ஒரு புள்ளி விழுந்தது.

"ஃப்ளாஷ் நேரா அடிக்குது, அதான். கொஞ்சம் சாஃப்ட் பண்ணா சரியாயிடும்" என்றார். அதற்கென்று கடையில் விற்கும் ஃப்ளாஷ் மூடி எதற்கு என்று, காலியான பிளாஸ்டிக் பால் கேனில் ஒரு துண்டு வெட்டி, ஃப்ளாஷுக்கு முன்னால் ரப்பர் பேண்டால் மாட்டினார். முகத்தில் வெளிச்சம் மிருதுவாக விழுந்தது. புள்ளியும் போய்விட்டது. அந்தப் படங்களைத்தான் சென்னைக்கு அனுப்பினோம்.

சில மாதங்கள் கழித்து ஒரு பிறந்தநாள் விழாவில் என் தோழி சாந்தி தன் சின்ன கேமராவில் குழந்தைகளை எடுத்தாள். படத்தில் அதே கண்ணில் அதே வெள்ளை.

"மத்த பசங்களுக்கு இல்லியே, இவளுக்கு மட்டும் ஏன் இப்படி? எதுக்கும் டாக்டர்கிட்ட செக் பண்ணிடேன்" என்றாள்.

டாக்டரிடம் காட்டினோம். கண்ணுக்குள் புற்றுநோய்க் கட்டி; படத்தில் வெள்ளையாக விழுந்தது அதுதான். உயிர் தப்பியது, கண்ணை எடுத்துவிட்டார்கள். நான் அழுததாக நினைவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து சாதம் வைத்தேன்.

அந்த பிளாஸ்டிக் துண்டை இப்போதும் மாட்டுகிறோம். ஆனால் யார் வீட்டுக் குழந்தையானாலும் முதல் படம் அது இல்லாமல்தான். பிரிண்ட் வந்ததும் சிரிப்பைப் பார்ப்பதற்கு முன் இரண்டு கண்களையும் பார்க்கிறேன்.

நித்யாவுக்கு இடது கண் செயற்கைக் கண். எந்த வெளிச்சத்தில் எடுத்தாலும் அது ஒரே மாதிரிதான் விழுகிறது.