பொக்லைன் சாவி

அமீனா பீ தன் காதால் கேட்டதல்ல. அவள் மருமகள் பால் வாங்கப் போன இடத்தில் யாரோ பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு வந்து சொன்னது. ஆனாலும் பெரும்பாக்கத்திலிருந்து கிளம்பிய காலை பஸ்ஸில், நின்றுகொண்டிருந்த அன்புச்செல்வியைப் புடவை பிடித்து இழுத்துக் குனிய வைத்து, நேரில் பார்த்தவளின் படபடப்போடு சொன்னாள்.

"ஷீலா வூட்டாண்ட நேத்து சாய்ந்தரம் போலீஸு வந்துச்சாம். ரெண்டு பேராம். போன்ல ஏதோ வீடியோவ காட்டிக்கினு, இந்தப் பொண்ணு எந்த பிளாக்குனு கேட்டாங்களாம்."

"உன் மருமவ பாத்தாளா?"

"அவ எங்க பாத்தா. கேட்டா."

"இன்னா வீடியோன்னு சொன்னாங்களா?"

அமீனா பீ அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "தெரியாத மாதிரி கேக்குற பாரு. நீ சினிமா கொட்டாய் வாசல்ல பேசுனியே, அதுதான். காலைல அந்தப் பக்கமாத்தான் வந்தேன். ஆத்தாளும் பொண்ணும் வூட்டப் பூட்டிக்கினு எங்கயோ போயிட்டாங்க."

அன்புச்செல்வி கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் ஷீலாவைக் கூப்பிட்டாள். மணி முழுக்க அடித்து நின்றது. அடையாறு வருவதற்குள் மூன்று தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

அன்புச்செல்விக்கு வயது நாற்பத்தேழு. கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் பிறந்து, ஆற்றோரமே வாக்கப்பட்டு, அங்கேயே புருஷனையும் பறிகொடுத்தவள். நான்கு வருடங்களுக்கு முன் அந்த வீடுகளை இடித்து, பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். அபிராமபுரத்துச் சமையல் வேலையை அவள் விடவில்லை. முன்பு நடந்தே போய்வந்த இடத்துக்கு இப்போது ஒன்றேகால் மணி நேரம் பஸ். விடாத இன்னொன்று வெள்ளிக்கிழமை காலைக் காட்சி.

புதுப்படம் வெளியானால் தியேட்டர் வாசலில் யூடியூப் சேனல்காரர்கள் ஏழெட்டுப் பேர் மைக்கோடு நிற்பார்கள். வெளியே வருகிற கூட்டத்தில் பாதி 'வேற லெவல்' என்று கத்தும். மீதி தலையில் அடித்துக்கொள்ளும். இரண்டு வருடங்களுக்கு முன் ஜவஹர் என்பவன் இவளை மறித்து, "படம் எப்டிக்கா?" என்று கேட்டான். "ரெண்டு தடவ பூட்டு ஞாபகம் வந்துச்சு" என்றாள். அவனுக்குப் புரியவில்லை. விளக்கினாள். படம் ஓடும்போது நடுவில், வீட்டைப் பூட்டிவிட்டு வந்தோமா என்ற யோசனை வந்தால் அந்த இடத்தில் படம் படுத்துவிட்டது என்று அர்த்தம். நல்ல படத்தில் பூட்டு ஞாபகமே வராது.

அன்றிலிருந்து அவள் 'பூட்டு அக்கா'. ஒரு படக் கம்பெனி ஆள் பட்டுச் சேலை தருகிறேன், நல்லதாக நாலு வார்த்தை பேசுங்கள் என்று கேட்டபோது, "நீயே கட்டிக்க நைனா, உன் கலருக்கு எடுக்கும்" என்றாள். ஜவஹர் அதையும் சேனலில் போட்டுவிட்டான். பூட்டு அக்கா பொய் சொல்ல மாட்டாள் என்று ஊருக்குள் ஒரு பேச்சு நின்றது அதற்குப் பிறகுதான்.

போன வெள்ளிக்கிழமை வந்த படம் ஆற்றோரக் குடிசைகளை இடிக்கிற கதை. அமெரிக்காவிலிருந்து திரும்பிய என்ஜினியர்தான் ஹீரோ. வீடுகளை இடிக்க வந்த பொக்லைன் மேல் அவன் தாவி ஏறி, சாவியை உருவி, மெதுவாக, மிக மெதுவாக ஆற்றில் எறிகிறான். தியேட்டரே எழுந்து விசிலடித்தது. அன்புச்செல்வி மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். வாசலுக்கு வந்ததும் ஜவஹரின் மைக்கை அவளே இழுத்துப் பிடித்தாள்.

"படம் நல்லாதான் கீது. பூட்டு ஞாபகம் வர்ல. ஆனா அந்தச் சாவி சீனு எங்க ஏரியாவுல நடந்தது. அமெரிக்காலருந்து வந்த ஆம்பள ஒருத்தனும் புடுங்கல. எங்க ஷீலா புடுங்குனா. அப்ப பத்தொம்போது வயசு அவளுக்கு. நைட்டி மேல துப்பட்டாவ போட்டுக்கினு ஏறுனா. டிரைவர் பீடி பத்தவைக்கிற நேரத்துல உருவி ஆத்துல போட்டா. ஒரு நாளு வேல நின்னுச்சு. அந்த ஒரு நாள்லதான் புள்ளைங்க சர்டிபிகேட்டு, பீரோ, சாமிப்படம் எல்லாத்தையும் வெளிய எடுத்தோம். போராட்டம்னா படத்துல வசனம் பேசுறாங்க. அவ ஒரு வார்த்தை பேசல. அவ பேர போடுங்கடா மொதல்ல."

நான்கு வருடமாக யாரும் வாய் திறக்காத விஷயம் அது. சாவி ஆற்றில் போன மறுநாளே போலீஸ் வீடு வீடாக வந்து கேட்டது. ஐம்பத்திரண்டு வீடும் "தெரியாது சார்" என்றது. அரசு வேலைக்கு இடைஞ்சல் செய்ததாக வழக்கு. செய்தவர், அடையாளம் தெரியாத நபர். அன்றைக்கு ஷீலா முன்னால் வந்து சொல்லப் பார்த்தாள். அவள் காலை மிதித்து நிறுத்தியவளே அன்புச்செல்விதான். போலீஸிடமிருந்து காப்பாற்றியதை, ஹீரோ மேல் வந்த கோபத்தில் மைக்கிடம் கொடுத்துவிட்டாள்.

அபிராமபுரத்தில், சமையல் செய்கிற அல்போன்சாம்மா வீட்டுக்குள் நுழையும்போதே முகத்தைப் பார்த்து அவர் கண்டுபிடித்துவிட்டார். சாந்தோம் தேவாலயப் பங்கைச் சேர்ந்தவர், பள்ளிக்கூட ஆபீஸில் முப்பது வருடம் இருந்து ரிட்டையர் ஆனவர். காகிதம் என்றால் அவருக்கு வேதம் மாதிரி. ஷீலா அரசுப் பரீட்சை பாஸ் பண்ணி, இளநிலை உதவியாளர் வேலைக்குத் தேர்வானபோது, நன்னடத்தைச் சான்றில் கையெழுத்துப் போட்டது இவர்தான். ஆர்டர் வருவதற்கு முன் போலீஸ் விசாரணை பாக்கி இருந்தது.

அன்புச்செல்வி புளியைக் கரைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"வேலைக்காகத்தான் விசாரிக்க வந்திருப்பாங்க, இல்லம்மா?"

"அதுக்கு ஒரு ஆள் வருவார், கையில ஒரு பேப்பரோட. ரெண்டு பேர் வந்து வீடியோ காட்ட மாட்டாங்க." அல்போன்சாம்மா கண்ணாடியைக் கழற்றினார். "சினிமா பாத்தா பாத்துட்டு வீட்டுக்கு வரணும் செல்வி. கோர்ட்ல சாட்சி சொல்ற மாதிரி என்ன பேச்சு அது? வீடு இடிச்சப்ப நீங்க ரோட்டுல உக்காந்தீங்களே, எனக்கு அந்த மறியலே பிடிக்கல. அன்னைக்கு என்னால பூசைக்குப் போக முடியல."

"எங்களால வூட்டுக்கே போவ முடியலம்மா."

அவர் கழற்றிய கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "படிவத்துல ஒரு கேள்வி இருந்தது. உங்க மேல வழக்கு ஏதாவது இருக்கான்னு. இல்லன்னுதான் ஷீலா எழுதினா. அன்னைக்கு அது உண்மை. பேர் தெரியாத ஆள் மேலதானே வழக்கு? உன் வீடியோவுக்கு அப்புறம்தான் அது பொய்யாகுது. பேரைச் சேர்த்தாங்கன்னா வேலை போச்சு. அப்புறம் எந்தப் பரீட்சை எழுதினாலும் இது கூடவே வரும்."

புளித்தண்ணீர் விரல் வழியாக வழிந்துகொண்டிருந்தது.

"ரசத்தை நான் கொதிக்க வச்சுக்கறேன்," என்றார். "முதல்ல அந்த வீடியோவைச் சேனல்லருந்து எடுக்கச் சொல்லு. போ."

தி. நகரில், உஸ்மான் சாலைக்குப் பின்பக்கச் சந்தில், பிளவுஸ் தைக்கும் கடைக்கு மேலே ஜவஹரின் அறை. படி செங்குத்து. மூன்று இடத்தில் நின்று, முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஜவஹர் முழுக்கக் கேட்டான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் அவள் கண் முன்னாலேயே வீடியோவைச் சேனலிலிருந்து நீக்கினான்.

"தூக்கிட்டேன்க்கா. ஆனா பிரயோஜனம் இல்ல. இங்க பாருங்க."

போனைத் திருப்பிக் காட்டினான். யார் யாரோ அவள் பேச்சை வெட்டி, இசை சேர்த்து, ஒரு பக்கம் ஹீரோ, ஒரு பக்கம் இவள் என்று போட்டிருந்தார்கள். 'நிஜ ஹீரோ ஷீலா' என்று ஒன்று. 'யார் இந்த ஷீலா?' என்று இன்னொன்று. அதன் கீழே ஒருவன் 'எங்க பிளாக் பொண்ணு ப்ரோ' என்று பெருமையாக எழுதியிருந்தான்.

"ஒண்ணு பண்லாம்க்கா. சும்மா அட்ச்சு விட்டேன், அப்டி ஒண்ணும் நடக்கலன்னு ஒரு வீடியோ குடுங்க. இப்பவே போட்றேன்."

"நடக்கலன்னா, சாவி இல்லாம அந்த வண்டி ஒரு நாளு பூரா நின்னுச்சே, அது இன்னா? வழக்குலயே எழுதிக் கீதே."

"அப்ப ஷீலா பண்ணலன்னு சொல்லுங்க."

"அப்ப யாருன்னு கேப்பாங்கல்ல?"

கீழே தையல் மிஷின் ஓடி நின்றது. அன்புச்செல்வி ஷீலாவை மறுபடி கூப்பிட்டாள். இது எத்தனையாவது என்று அவளுக்கே தெரியவில்லை. மணி அடித்து அடங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை விளக்குக்கு நேராக இழுத்துப் போட்டாள்.

"மைக்க எடு."

"இன்னாக்கா சொல்லப் போறீங்க?"

"எடுன்னா."

சிவப்புப் புள்ளி எரிந்தது.

"போன வெள்ளிக்கெழம ஒரு பொண்ணு பேரச் சொன்னேன். அது தப்பு. அந்த பொக்லைன் சாவிய எடுத்தது நான்தான். என் பேரச் சொன்னா வேல செய்ற வூட்ல ஒரு மாதிரியா பாப்பாங்கன்னு, வாயில வந்த பேரச் சொல்லிட்டேன்."

ஜவஹர் நிறுத்திவிட்டான். "அக்கா, நீங்க இந்தப் படி ஏறவே மூணு தடவ நின்னீங்க. பொக்லைன் மேல ஏறுனீங்களா?"

"நாலு வருசம் முன்னாடி முட்டி நல்லாதான் இருந்துச்சு. நீ புடி."

"இத போட்டா உங்க மேல வரும்க்கா."

"வரட்டும். நான் இன்னா பரிச்சையா எழுதிக் கீறேன்?"

மறுபடியும் சொன்னாள். இடது பக்கக் கம்பியைப் பிடித்து ஏறியது, டிரைவர் பீடிக்குத் தலையைத் திருப்பியது, சாவியோடு மஞ்சள் கயிறு ஒன்று தொங்கியது. எல்லாம் ஷீலா அன்று ராத்திரி இவளிடம் சொன்னவை. சொல்லச் சொல்ல நாக்கு கசந்தது. அந்தப் படம் செய்ததைத்தான் இப்போது தானும் செய்கிறோம் என்று தோன்றியது. ஹீரோவிடமிருந்து பிடுங்கி ஷீலாவிடம் கொடுத்த சாவியை, அவளிடமிருந்து பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொள்கிறோம். ஆனால் நிறுத்தவில்லை. மைக்கின் முன்னால் அவள் சொன்ன முதல் பொய். திக்காமல் வந்தது.

முடிந்ததும் ஜவஹர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான். அனுப்புகிற பொத்தானுக்கு மேல் விரலை வைத்தவன் அழுத்தவில்லை.

"ஷீலா கைல பேசுனீங்களா?"

"போன எடுக்கலியே."

"அதில்லக்கா. அது இப்ப ஸ்டேஷன்ல உக்காந்துக்கினு, ஆமா நான்தான்னு சொல்லிட்டிருந்தா? நம்ம இத போட்டதும், ரெண்டு பேரும் பேசி வச்சுக்கினு பொய் சொல்றாங்கன்னு ஆயிடாது?"

அன்புச்செல்வி பயந்ததும் அதைத்தான். போலீஸ் கேட்டால் ஷீலா சொல்லிவிடுவாள். அன்றைக்கே சொல்ல வந்தவள். இன்றைக்கு அவள் காலை மிதிக்கப் பக்கத்தில் யாரும் இல்லை. அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரே ஒரு வார்த்தை காதில் போட்டாக வேண்டும்: நீ இல்ல, நான்.

"இரு, போடாத," என்றாள்.

பெயரைத் தேடி அழுத்தி, போனை ஒலிபெருக்கியில் போட்டு மேசை மேல் வைத்தாள். ஜவஹர் விரலைப் பொத்தானிலிருந்து எடுக்காமல் அவளையே பார்த்தான்.

மணி அடித்தது.

"எடு கண்ணு," என்றாள் போனைப் பார்த்து.

மணி அடித்துக்கொண்டிருந்தது.